இரண்டாம் ஓலைக்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு, ஓசூரிலிருந்து சகாயராணி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அப்பா காதில் விழும். அதனால் ஊருக்கு வரும் விமலா அக்கா கையில் இதைக் கொடுக்கிறேன். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை.

நம் அனுமந்தன்பட்டி கோவிலில் "தடை ஏதும் உண்டா" என்று கேட்டு எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள் அல்லவா? மறுநாளே அமலதாஸ் இங்கே வந்தார். டீயைத் தொடாமல் சொன்னார்:

"திருப்பூர்ல ஒரு பொண்ணோட கொஞ்ச நாளு சேந்து இருந்தேன் புள்ள. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆனா ஒங்கிட்ட மறைச்சுத் தாலி கட்ட மனசு வரல."

ஆண்டவரே மன்னித்த பிறகு நான் கோபப்படலாமா? சொன்னாரே என்று மதிப்பும் வருகிறது, ஏன் சொன்னார் என்று அழுகையும் வருகிறது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஆம்பளைன்னா முன்னப்பின்ன இருப்பாக" என்பாய். அவர் சொன்னதையே நான் அவரிடம் சொல்லியிருந்தால், நீ என்னம்மா சொல்லியிருப்பாய்?

கம்பெனி பஸ் வந்துவிட்டது. கம்பம் திராட்சை கொஞ்சம் கொடுத்துவிடு. இல்லை, நீயே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஓலை வாசிப்பதற்குள் வா.

ராணி