மரக்கரண்டி எலும்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு முப்பத்து மூன்று நாள், அவர் கறி தொட்டு. எண்ணிக்கொண்டிருப்பவள் நான்தான். அவருக்கு நினைவிருக்குமா என்பதே சந்தேகம். ஜனவரி கடைசியில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு இது வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்." கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் துக்கம் விசாரிக்க ஆள் தேடும் மனிதர் இவர்.

வேலையில் ஏதாவதா என்று யோசித்தேன். பண்ணையில் மாடு ஏற்றி, வெட்டுமிடத்தில் இறக்கும் லாரி. கல்யாணமான நாளிலிருந்து அதே வேலைதானே? இருபத்து நான்கு வருஷம் இல்லாத மனசு இப்போது எங்கிருந்து வரும்?

எனக்கோ தொழிற்சாலை கேன்டீனில் கறிப் பகுதி. நானூறு பேருக்கு வெட்டி, வதக்கி, வேகவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சோயா உருண்டை. வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி பிழிந்து, கறிக்குப் போடும் மசாலாவையே போட்டேன். பஞ்சு மெத்தையைக் கடிப்பதுபோல் இருந்தது.

"நல்லாருக்கு" என்றார். பாதித் தட்டு அப்படியே.

இந்த "நல்லாருக்கு"தான் என்னைக் கொல்கிறது. இவர் குறை சொல்லாத சாப்பாட்டை நான் ஆக்கியதே இல்லை. உப்பு தூக்கல், காரம் மட்டு, வெங்காயம் கருகிவிட்டது, சோறு குழைந்துவிட்டது. ஒருமுறை தண்ணீரைக் குடித்துவிட்டு "என்னமோ மாதிரி இருக்கே" என்றார். இப்போது எதை வைத்தாலும் நல்லாருக்காம்.

மார்ச் 15, சனி

நாத்தனார் போனில்: "எந்தம்பிக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. ஊருக்கே ஆக்கிப் போடறே, கட்டினவனுக்கு ஆக்க முடியலையா?"

"நீங்க வந்து ஆக்குங்களேன் அண்ணி" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண் இருட்டிவிட்டதாம். இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். எழுபத்து நான்கு கிலோ இருந்தவர் அறுபத்தேழு. இரத்தமும் குறைவு.

டாக்டர் நல்ல பெண். "கறி சாப்பிடாதது தப்பே இல்லைங்க. எதுவுமே சாப்பிடாததுதான் தப்பு" என்றாள். மே பன்னிரண்டாம் தேதி அவருடைய ஓட்டுநர் உரிமத்துக்கான உடல் பரிசோதனை. இதே நிலையில் வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொன்னாள்.

உரிமம் போனால் போகட்டும். அதற்குள் ஓடுகிற லாரியில் கண் இருட்டினால்? வருகிற வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்று மட்டும் புரிகிறது. ஏதோ பிடிவாதத்தில் விட்டுவிட்டார், நாக்கு ஏங்குகிறது, வாய்விட்டுக் கேட்க ரோஷம். கறி மாதிரியே ஒன்றை நான் செய்துவிட்டால் போதும்.

ஏப்ரல் 2, புதன்

கேன்டீனில் ரொட்டி சுடுகிறவர் வழி சொல்லிக் கொடுத்தார். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஊறவைத்து, தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால்போல் ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு தண்ணீர் மாற்றினால் தெளிகிறது. கையில் மிஞ்சுவது ரப்பர்போல் ஒரு பசை. அதை முறுக்கிக் கட்டி, காளானும் வெங்காயமும் கொதிக்கும் சாற்றில் இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். பிய்த்தால் நார் நாராக வருகிறது!

ரொட்டிக்காரர் ஒரு துண்டு மென்றுவிட்டு, "அக்கா, இது கறி இல்லேன்னா நான் மீசையை எடுத்துடறேன்" என்றார். அவரே வழி சொல்லிவிட்டு அவரே மீசையைப் பந்தயம் வைக்கிறார்.

வீட்டில்: இரண்டு வாய். "நல்லாருக்கு."

ஏப்ரல் 3, வியாழன்

மீதியை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. மீசை இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பசையில் பீட்ரூட் சாறு சேர்த்தேன். வெட்டினால் லேசாகச் சிவப்பு கசிகிறது. நெருப்பில் வாட்டினால் ஓரம் சுருங்கி, மேலே கருகி, உள்ளே இளஞ்சிவப்பு. இருபது வருஷம் கறி வெட்டியவள் நான், எனக்கே ஒரு நிமிஷம் தடுமாறியது.

கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ருசிக்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு துண்டோடு சரி. நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்றார்.

அறுபத்தாறு கிலோ.

ஏப்ரல் 19, சனி

நாளை எங்கள் கல்யாண நாள். என்ன குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். எலும்பு! அவருக்குக் கறி என்றாலே எலும்புதான். கடித்து, உறிஞ்சி, தட்டில் தட்டி, மறுபடி உறிஞ்சி.

கேன்டீனில் உடைந்த மரக்கரண்டி ஒன்று கிடந்தது. காம்பை நாலு துண்டாக அறுத்து, கத்தியால் சுரண்டி, முனைகளை உருட்டி, உப்பு நீரில் கொதிக்கவைத்தேன். வெள்ளையாக, வழவழப்பாக வந்தது. அதைச் சுற்றிப் பசையைக் கட்டி, நூல் சுற்றி வேகவைத்தாயிற்று. நூலைப் பிரித்தால் அசல் தொடை! சமையல்கட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். முதுகு விட்டுப்போகிறது. பரவாயில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதவே கை வரலை.

தட்டை வச்சேன். சிரிச்சுக்கிட்டே வச்சேன். மூடியைத் திறந்து, எலும்பைப் பிடிச்சுத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தார். முகம் வெளிறிப்போச்சு. கீழே வச்சுட்டு எழுந்து போனார். குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம்.

நான் கத்திட்டேன். "மூணு வாரமா மாவைக் கழுவிச் சாகறேன். பிடிக்கலேன்னா கறியைப் பிடிக்கலையா, என்னைப் பிடிக்கலையா?"

கதவைத் திறக்கவே இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நான் வேலைக்குப் போகவில்லை. அவரும் போகவில்லை. காலையில் அவரே டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஜனவரி முப்பது. தை மாசத்துலயே அன்னிக்கு மண்டையப் பிளக்கற வெயில். முன்னாடி பாலத்துல டேங்கர் ஒண்ணு கவுந்து ரோட்டை அடைச்சுட்டாங்க. முன்ன போக முடியல, பின்ன போக முடியல. ஒம்பது மணி நேரம். பின்கதவுல சீல் வச்சிருக்கும், உனக்குத் தெரியும்ல? இறக்கற இடத்துலதான் உடைக்கணும். நடுவுல உடைச்சா வேலை காலி. எங்கிட்ட ஒரு கேன் தண்ணி இருந்துச்சு. கையை நனைச்சு, பலகை இடுக்குல விட்டேன். ஒரு கன்னுக்குட்டி நக்குச்சு. உடனே மத்ததெல்லாம் முட்டிக்கிட்டு வந்துச்சு. பயந்து கையை எடுத்துட்டேன். கண்ணாடியை ஏத்திட்டு உள்ள உக்காந்துட்டேன். மீதித் தண்ணியை நான்தான் குடிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு சத்தம் நின்னுச்சு. தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. எத்தனை என்று கேட்டேன்.

"ஏழு. அந்தக் கன்னுக்குட்டியும். வீட்டுக்கு வந்தா நீ எலும்புக்கறி வச்சு, உப்பு சரியா இருக்கான்னு பாருங்கன்னு சொன்னே."

பிறகு, "நீ கறி மாதிரியே செய்யச் செய்ய, என்னை மறுபடி மறுபடி அந்த லாரிக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்தின மாதிரி இருந்துச்சு. நார் வந்துச்சு, ரத்தம் வந்துச்சு, நேத்து எலும்பும் வந்துடுச்சு" என்றார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"தண்ணில கெடந்து கெடந்து உன் கையெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

அழுதேன். அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். நாக்கு ஏங்குகிறது என்று நானாகவே முடிவுகட்டி, மனுஷனை ஒரு மாதம் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து வதைத்திருக்கிறேன். அதுவும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக!

ஏப்ரல் 22, செவ்வாய்

மரத்துண்டுகளைக் குப்பையில் போட்டேன். கேன்டீனில் கத்தியை எடுக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது. நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. வெட்டினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வேகவைத்த பயறு. பூசணி. தயிர். எதைப்போலவும் இல்லாமல் அது அதுவாகவே. கடைசியாக எப்போது பூசணியைப் பூசணியாகச் சமைத்தேன்?

மெதுவாகச் சாப்பிட்டார். முக்கால் தட்டு போயிற்று. "நல்லாருக்கு" என்றார். இன்னும் அந்த வார்த்தைதான்.

நானும் அதையே சாப்பிட்டேன். இரண்டு அடுப்பு எரிக்க எனக்குத் தெம்பில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை. அப்படித்தான் அவரிடமும் சொன்னேன்.

மே 12, திங்கள்

அறுபத்தெட்டரை. டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: லாரி ஷெட் மேலாளரைப் பார்த்து வண்டி மாற்றிக் கேட்டிருக்கிறாராம். மாவு மூட்டை ஏற்றும் வண்டி ஒன்று ஓட்ட ஆளில்லாமல் நிற்கிறதாம். மேலாளர், "இத்தனை வருஷம் கழிச்சு என்ன திடீர்னு?" என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றிருக்கிறார்.

ஜூன் 1, ஞாயிறு

மாவு வண்டி ஓட்டி ஒரு வாரம். கழற்றிப் போட்ட சட்டைகளை உதறினால் வீடெல்லாம் வெள்ளை. மாவுக்கும் எனக்கும் விட்டகுறை தொட்டகுறை இன்னும் இருக்கிறது போலும். முதுகு வலி அப்படியே இருக்கிறது. பெருக்கிவிட்டு, கிழங்கு வேகவைத்து, பயறு தாளித்து, வெங்காயம் வதக்கி வைத்தேன்.

ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு எங்க? நானூறு பேருக்கு ஆக்கறவளுக்கு இதுகூடத் தெரியாதா? கிழங்கு வேற குழைஞ்சு கூழாப் போச்சு."

உப்பு எடுக்க உள்ளே போனேன். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"அங்க என்ன தேடறே?"

"ஒண்ணுமில்ல. வேற என்ன குறை, சொல்லுங்க."

சொன்னார். வெங்காயம் பச்சை வாசனை, பயறில் காரம் போதாது, தட்டின் ஓரத்தில் ஈரம். சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.