முதுகில் அச்சடிக்க வந்த உங்கள் பேச்சு

என் மாமாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிற புருஷன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார் உங்கள் அக்கா. பட்டால் என்னவாம்?

உங்கள் வருஷ திதிக்கு, நீங்கள் கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனியில் எல்லோருக்கும் பனியன் அடிக்கிறார்கள். முன்னால் உங்கள் படம். முதுகில் கொட்டை எழுத்தில் “பாத்துக்கலாம் உடுங்க”. பெருமாநல்லூரில் உங்கள் பேரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘பாத்துக்கலாம் மாஸ்டர்’ என்றால் கம்பெனி வாட்ச்மேனே கூட்டிப்போய் விடுவார். துணி கலர் மாறி வந்தாலும், கரண்ட் போனாலும் அதே பேச்சு. பீகார் டைலர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழே அதுதான்.

நெஞ்சு கரிக்கிறது என்றபோதும் அதைத்தானே சொன்னீர்கள்? “ஷிப்மெண்ட் போகட்டும் அம்மிணி, பாத்துக்கலாம் உடு.” ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனது. நீங்கள் கட்டிங் டேபிள் மேலேயே சாய்ந்தீர்கள்.

சாம்பிளுக்கு ஓகே வாங்காமல் ஒரு பீஸ்கூட ஓட்டாத ஊர் இது. அந்த வழக்கப்படி பனியன் சாம்பிள் இன்று காலை என்னிடமே வந்தது. கொண்டுவந்தவர் உங்கள் தம்பி செல்வம். உங்கள் டேபிளில் இப்போது நிற்பவர் அவர்தான்.

“நீங்க ஓகேன்னு சொன்னாத்தானுங்கண்ணி பிரிண்ட் ஓடும்.”

சொல்லிக்கொண்டே இடது தோளைப் பிசைகிறார். வாசற்படி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறது.

“எத்தன நாளா தம்பி இப்பிடி?”

“ஒரு வாரமா இருக்குதுங்க. வாயுத்தொல்லையா இருக்கும். பாத்துக்கலாம் உடுங்கண்ணி.”

வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம்! சாம்பிளை அவர்மேலேயே வீசினேன். “இந்த எழவெடுத்த பேச்ச ஊரே முதுகுல போட்டுட்டுத் திரியோணுமா? நீங்களும் உங்கண்ணனாட்டம் டேபிள் மேல உழுகோணுமா?” பாவம், மிரண்டுபோனார்.

ஒன்று சொல்லவா? இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சாய்ந்த அன்று மத்தியானம், கை மரத்துப்போகிறது என்று எனக்குப் போன் செய்தீர்களே. நான் வேலை பார்க்கும் செக்கிங் பிரிவில், சரக்கு வாங்கும் பையருடைய ஆள் வந்து நின்றிருந்தார். “சாயந்தரம் ஊட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்” என்று சொல்லிப் போனை வைத்தேன். நீங்கள் சொல்லிச் சொல்லி என் வாயிலும் ஒட்டிக்கொண்ட பேச்சு. இப்போது நான் உங்களைத் திட்டுகிறேனா, என்னையா? தெரியவில்லை மாமா.

“இசிஜி ரிப்போர்ட் என் கைக்கு வராம சாம்பிளுக்கு ஓகே கெடையாது” என்று சொல்லிவிட்டேன். ஷிப்மெண்ட் இருக்கிறது என்று இழுத்தார். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வம் உள்ளே இசிஜி எடுக்கப் படுத்திருக்கிறார். அவருடைய போன் என் மடியில் கிடந்து அடிக்கிறது. கம்பெனியிலிருந்துதான், விடாமல் அடிக்கிறார்கள். நான் எடுக்கப்போவதில்லை. டாக்டரே தன் வாயால் ‘போகலாம்’ என்று சொல்லும்வரை உங்கள் தம்பியை எந்த டேபிளுக்கும் அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஊட்டுக்காரி,
சரசு