மந்திரியை நல்லவனாக்கச் சொன்னார்கள், அக்கா

என் அருமை பிருந்தா அக்காவுக்கு,

உன் நாவல்களில் செத்தவர்கள்கூடக் கடைசி அத்தியாயத்துக்குள் ஏதாவது ஒரு வழியில் பேசிவிடுவார்கள். நீதான் போன தீபாவளியிலிருந்து வாயே திறக்கவில்லை. சரி, நானே பேசுகிறேன்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எழுதி முடித்தாயே, அந்த நாவலைப் பற்றித்தான் சேதி. துறைமுக ஒப்பந்தத்துக்கு லஞ்சம் வாங்கும் மந்திரி, மூன்று நாடு சுற்றிச் சிங்கப்பூர் பினாமி கம்பெனிக்கு வந்து சேரும் பணம், அதைக் கண்டுபிடித்ததற்காகக் கொலை செய்யப்படும் கணக்காளர் பெண். பதிப்பாளர் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். ஆனால் மந்திரியை நல்லவனாக்கிவிட வேண்டுமாம். பழியை வெளிநாட்டுக் கம்பெனி மேல் போட்டுவிடலாமாம்.

"எதுக்கு சார் வம்பு? கடைசி ரெண்டு அத்தியாயம்தானே, நானே ஆள் வச்சு மாத்தித் தர்றேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் அம்மா. பாசிர் ரிஸ் வீட்டுக்குள் காலை வைத்ததும் "அவ புக்கு வந்துருச்சாடா?" என்றுதான் கேட்கிறாள். அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, அக்கா. அட்டையில் உன் பெயரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறாள்.

சர்வதேச சதி என்றால் மற்றவர்கள் ஹெலிகாப்டரைப் பறக்கவிடுவார்கள். உன் சதியெல்லாம் சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில், ஒரு கோப்பை தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடும். கதையில் ஒருவன் போகும் வழியை நாம் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பாய். அப்படித்தானே என்னைக் காலிப் பெட்டியோடு மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு இழுத்துப்போனாய்?

"உள்ள ஒண்ணுமே இல்லையே, எதுக்கு லா தூக்கிட்டுப் போறீங்க?" என்றார் அங்கிருந்த தமிழ் அதிகாரி.

"எங்கக்கா கதை எழுதுறாங்க சார்."

உண்மையைச் சொன்னேன், தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வந்தால் நீ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். "காலிப் பெட்டிதான்டா சந்தேகம்! எனக்குத் தோணவே இல்லையே!" அன்றைக்கே அந்த அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினாய். உன்னைப்போல் எழுத யாரால் முடியும்?

போன வாரம், மாற்றிய அத்தியாயங்கள் வந்தன. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அம்மாவுக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். வழக்கம்போலப் பாதியிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்து, "மந்திரிதான்" என்றாள். கடைசியில் அவன் நிரபராதி என்று வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்துடா. இத யாரு எழுதுனா?"

"அக்காதாம்மா."

"போடா பொய் சொல்லாத. உயிரோட இருந்தப்பவே அவ எந்தப் பெரிய மனுசனுக்கும் பயந்ததில்ல. செத்தப்புறமா பயப்படப் போறா?"

நான் அழுதுவிட்டேன், அக்கா. அங்கேயே அவள் முன்னால் பதிப்பாளரைப் போனில் கூப்பிட்டு முடியாது என்றேன்.

"அப்ப புக்கு வராது சார்."

"பரவாயில்ல சார்."

போனை வைத்ததும் அம்மா, "நாமளே அச்சடிப்போம். அதுக்குள்ள கண்ணு போயிட்டாத்தான் என்ன, அட்டையத் தடவிப் பாத்துக்கறேன். நீ படி, நான் கேக்குறேன்" என்றாள்.

கடைசி அத்தியாயத்தின் வழியை மட்டும் நீ போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா சந்தையிலிருந்து மந்திரி பெட்டியோடு ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அங்கே ஓட முடியுமா, அக்கா? நிற்கவே இடம் இருக்காதே!

வரும் ஞாயிறு அதே காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். ஓட முடியாவிட்டால் 'ஓடினான்' என்பதை 'நடந்தான்' என்று திருத்துவேன். வேறு ஒரு சொல்லைத் தொடமாட்டேன். உன் மந்திரி மாட்டிக்கொள்வான், இது சத்தியம்.

இன்னும் உனக்குப் பெட்டி தூக்கும் தம்பி,
முரளி