இனி ட்யூப் அனுப்பாதே, அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மாமாவும் நலம்தானே? என் கன்னத்துத் தழும்பை மறைக்க நீ அனுப்பிய மூன்று கன்சீலர் ட்யூபும் வந்து சேர்ந்தன. கோபித்துக்கொள்ளாதே, ஒன்றையும் திறக்கவில்லை. போன தடவை அனுப்பியதைப் பூசியே கன்னமெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. “ஆறு வாரம் முகத்துல ஒண்ணும் பூசக்கூடாதும்மா” என்று தோல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

என் வகுப்புதான் உனக்குத் தெரியுமே. காது கேளாத பிள்ளைகள், என் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் புரிந்துகொள்வார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. பூசாமல் போன முதல் நாள் எல்லார் கண்ணும் தழும்பிலேயே இருந்தது. ஒருத்தி எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டு, வலிக்குதா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்றேன். போய்க் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான் அக்கா!

ஆறு வாரம் முடிந்தாலும் பூசப்போவதில்லை. இனி அனுப்பாதே.

உன் வாலு

ஜூன் 10

வாலுக்குட்டிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அது பழைய சரக்காக இருக்கும். வாசனை சேர்க்காத புது வகை வந்திருக்கிறது. முதலில் ஆரஞ்சு கலந்ததை ஒற்றி, மேலே உன் நிறத்தை விரலால் தட்டித் தட்டிப் போட்டால் தழும்பு இருந்த இடமே தெரியாது. பதினெட்டு வருஷமாக அழகுசாதனக் கடையில் இதே வேலை பார்க்கிறேன், என் பேச்சைக் கேள். நான்கு ட்யூப் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

நான்கையும் பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் அவளுக்கு. வாயெல்லாம் பல்!

ஒன்று கேட்கிறேன். போன முறை நீ வந்தபோது, குளித்த முகத்தோடு காபி கொடுத்தேன். நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாய். நான் பூசிக்கொண்டு வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாய். எப்போதுமே அப்படித்தான். ஊருக்காகப் பூசுவதாக நினைத்திருந்தேன், உனக்காகத்தான் போலிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் ஒயரை இழுத்துச் சுட்டுக்கொண்டது நான். அதற்கு நீ ஏன் தலைகுனிய வேண்டும்?

வாலு

ஜூலை 2

நீ ஒயரை இழுக்கவில்லை.

அம்மா வேலைக்குப் போயிருந்தாள். எனக்குப் பத்து வயது, உனக்கு நாலு. யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தேன். விளையாட வரச் சொல்லி நீ என் பாவாடையை விடவேயில்லை. “சனியனே, போடி” என்று திரும்பினேன். பெட்டி என் கையில் இருந்தது.

அம்மா வந்ததும், “அவளே ஒயரை இழுத்துட்டாம்மா” என்றேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி நீயும் நம்பிவிட்டாய். உன்னை வாலு என்று கூப்பிட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். இந்தக் கடை வேலையில் நான் சேர்ந்ததும் உன் கன்னத்துக்காகத்தான்.

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. பிடிக்காவிட்டால் பதில் எழுத வேண்டாம்.

அக்கா

ஜூலை 16

அக்கா,

முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம். பிறகு அந்த நாலு வயசுப் பிள்ளையை நினைத்து அழுதேன். “சும்மா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?” என்று எத்தனை பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள், பாவம்.

பத்து வயசுக்காரியின் மேல் எனக்கு ஒன்றுமில்லை. பயந்துபோயிருப்பாள். ஆனால் வளர்ந்த பிறகும் வாயைத் திறக்காமல் ட்யூப் ட்யூபாக அனுப்பிக்கொண்டிருந்தாயே, அந்த அக்காவை மன்னிக்க இன்னும் முடியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல். காலை வண்டிக்கே கிளம்பு, பேசி முடிக்க நேரமாகும்.

தங்கை