எழுந்து நடக்கச் சொல்லியிருந்தால்

6 மே 1963, திங்கள்

இன்று என்னை நெல் மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். டாக்டர் நயினாரின் எடை மெஷினில் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றுவிட்டது. "அண்ணாச்சி, ஒங்க மண்டியில பெரிய தராசு கெடக்கும்லா, அங்கன நிறுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். இவராவது ஒரு வார்த்தை மறுத்துப் பேச வேண்டாமா? கட்டிய மனைவியை மூட்டை வைக்கிற பலகையில் நிற்கவைத்து, தானே எடைக்கல்லும் போட்டார். மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மரியாதை அவனுக்காவது இருந்தது.

தொண்ணூற்றேழு கிலோ.

தொப்புளுக்கு மேல் குடல் பிதுங்கி எலுமிச்சம்பழம் போல நிற்கிறது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமாம். ஆனால் அதற்கு முன் எட்டு கிலோ குறைய வேண்டும், காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்கிறார். நாற்பத்திரண்டு வயதில் நான் என்ன பந்தயக் குதிரையா?

9 மே

மேலகரம் ரோட்டில் நடந்தேன். தென்காசியில் ஒரு பெண் சும்மா நடக்க முடியுமா? கையில் பூக்கூடை வேண்டும், இல்லை இடுப்பில் குடம் வேண்டும். "எங்கன போறிய?" என்று ஒருத்தி. "வண்டி கெட்டலையா?" என்று இன்னொருத்தி. வெற்றிலைக் கடை தங்கத்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல அண்ணாச்சி கூட சண்டையாம்மா?" என்றாள். உடம்பு பெருத்தாலும் பேசுகிறார்கள், குறைக்க நடந்தாலும் பேசுகிறார்கள். இவர்கள் வீட்டு அரிசியையா தின்றேன்?

10 மே

நடக்கவில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை.

17 மே

கோமதியம்மாள் மைனி பிரசாதத்தோடு வந்தார். இவருடைய அக்கா. ஒரு வாரமாகப் பெரிய கோயில் பிரகாரத்தை நூற்றெட்டுத் தடவை சுற்றி முடித்திருக்கிறார், என் பெயரும் நட்சத்திரமும் சொல்லி!

"டாக்டர் நடக்கணும்னு சொன்னாருல்லா. ஒன்னால முடியல. ஒனக்காவ நான் நடந்துட்டேன். இனி நீ கவலப்படாத, பிள்ள."

சிரிக்கவா, அழவா? ஆனால் இங்கே பொய் எழுதக் கூடாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு இரண்டு அதிரசமும் தின்றேன்.

20 மே

தொண்ணூற்றெட்டு.

"நடந்தியளா?" என்றார் டாக்டர். நான் வாய் திறப்பதற்குள் மைனி பிரகாரக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க நடந்தா ஒங்க காலுலதான் ரத்தம் ஓடும், ஆச்சி. இவுக காலுல ஓடாது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். கனத்த உடம்பு ஆபரேஷனுக்குப் பின் அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி ஒரு நாள் புறப்பட்டு மேலே போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். "அதுக்குப் பொறவு எங்கையில ஒண்ணும் இல்ல. உறையாம இருக்க பட்டணத்துல ஊசி போடுதாக. அதுக்குத் தெனமும் ரத்தம் சோதிக்கணும், இங்கன அந்த வசதி கெடையாது. நம்மகிட்ட இருக்கது நடை ஒண்ணுதான். காலுல பட்டைத்துணி சுத்திவிடுவேன். மறுநாளே எந்திரிக்கணும்."

என் தங்கை செண்பகவல்லியைப் பற்றிச் சொன்னேன். அவளும் என்னைப் போல் கனத்த உடம்புக்காரி. ஏழு வருஷத்துக்கு முன் வெளியூர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். நன்றாகத்தான் இருந்தாள். எட்டாம் நாள் முதன்முதலாகத் தரையில் கால் வைத்தாள், "அக்கா, மூச்சு" என்றாள், அவ்வளவுதான். கண்ணேறு என்று ஊரெல்லாம் சொன்னது. நானும் நம்பினேன்.

"அதுவரைக்கும் எந்திரிக்கவே இல்லையா?"

"இல்லை. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தோம்."

"எந்திரிச்சு நடக்கச் சொல்லி யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லலை."



21 மே

அந்த ஆஸ்பத்திரிக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். அவ்வளவு கோபம். படித்தவர்கள்தானே நீங்கள்? இந்த ஊர் டாக்டருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை, "எழுந்து நட" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் செண்பகம் இன்று இருப்பாளே! சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? பதில் வராவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்றும் மிரட்டினேன். எழுதவும் செய்வேன். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

சாயங்காலம் மேலகரம் வரை நடந்தேன். "வீட்டுல சண்டையா?" என்று மறுபடியும் கேட்டாள் தங்கத்தாய். "ஆமா, ஊரோட சண்டை" என்றேன்.

16 ஜூன்

எண்பத்தொன்பது. ஒரு வேளைதான் சோறு, மற்ற நேரம் கீரையும் மோரும். இவர் பெருமையாக மண்டியில் எல்லோரிடமும் சொல்கிறாராம். சொல்லட்டும், மூட்டைக் கணக்குப் போலத்தானே!

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் இல்லை. இருக்காது. குற்றமுள்ள நெஞ்சு எப்படி எழுதும்?

20 ஜூன்

நேற்று ஆபரேஷன். இன்று காலை நர்ஸ் ஜாஹிரா பீவி வந்து எழுந்திருக்கச் சொன்னாள். மைனி கட்டிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டார்.

"ஏட்டி, நேத்து வயித்தக் கிழிச்சிருக்கு! தையல் பிரிஞ்சா நீயா வந்து தைப்ப? ஒனக்கு அக்கா தங்கச்சி இல்ல?"

எனக்கும் உயிர் போகிற வலி. படுத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் செண்பகத்தின் கால் தரையைத் தொட்டது கண்முன் வந்து நின்றது. "தள்ளுங்க மைனி!" என்று கத்தினேன். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. மைனி அழுதுகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் ஜாஹிராவின் தோளைப் பிடித்து நான்கு எட்டு வைத்தேன். டாக்டர், நர்ஸ், தையல் போட்ட நூல் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வைத்தேன்.

21 ஜூன்

ஜன்னல் வரை. வெளியே சாரல்.

25 ஜூன்

பதில் வந்தது. இவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கோபமான கடிதம் இல்லை. வருந்துகிறோம் என்று இரண்டு வரி. பழைய நோட்டிலிருந்து நர்ஸ் எழுதிய குறிப்பை அப்படியே பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

"இரண்டாம் நாள். எழுந்து நடக்கச் சொல்லப்பட்டது. உடனிருக்கும் அக்காள் மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள். மறுபடியும் சொல்லப்பட்டது. அக்காள் நர்சை வெளியே போகச் சொன்னார்.

ஐந்தாம் நாள். நோயாளி எழுந்திருக்க விரும்பினார். அக்காள் சம்மதிக்கவில்லை."

அந்த நர்ஸ் இப்போது ஞாபகத்துக்கு வருகிறாள். ஒல்லியான மலையாளத்துப் பெண். "ஒனக்கு ஈவு இரக்கமே இல்லையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டவள் நான்தான். செண்பகம் போர்வையை விலக்கியபோது காலை அமுக்கிப் பிடித்ததும் இந்தக் கைதான். எப்படி மறந்தேன்? ஏழு வருஷம் எப்படி மறந்து சோறு தின்றேன்? யாரும் சொல்லலைன்னு வாய்கூசாமச் சொன்னேனே! பாவி, எட்டுப் பக்கம் எழுதினியே!

மைனி என்னவென்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

26 ஜூன்

மைனி கையைப் பிடித்துக்கொள்ள வராந்தாவை ஆறு தடவை சுற்றினேன்.

28 ஜூன்

நாளை வீட்டுக்குப் போகலாம்.

எதிர்க் கட்டிலில் நேற்று ஆபரேஷன் ஆன பெண், இலத்தூர்க்காரி. நல்ல பருமன். காலையில் ஜாஹிரா எழுப்ப வந்தாள். அந்தப் பெண்ணின் அக்கா, ஆவுடையம்மாளாம், விடவில்லை. "மனுசியா நீ? போ அங்கிட்டு!" என்று விரட்டிவிட்டாள். ஜாஹிரா முகம் சுண்டிப்போய் வெளியே போனாள். அக்காக்காரி தங்கையின் காலைப் போர்த்திவிட்டு, கால்மாட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஏச வேண்டும் என்றுதான் கட்டிலை விட்டு இறங்கினேன். கிட்டே போனதும் ஏச வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா" என்றேன்.