சுங்கத்தில் நின்றுவிட்ட பேச்சு

வாப்பா,

உங்கள் பெட்டி என் கால்மாட்டில் இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாததால் சோப்பு வாசனை வருகிறது. முன்பெல்லாம் நீங்கள் ஊருக்கு வந்தால் மேலப்பாளையம் வீடு முழுக்க இந்த வாசனைதான். இந்தத் தடவை பெட்டி மட்டும் கப்பலில் வந்தது. உங்களை நீங்கள் வேலை பார்த்த நாட்டிலேயே அடக்கிவிட்டார்கள்.

உங்களை இழந்த உம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பதால் வாசல் தாண்டக் கூடாது. அதனால் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு உம்மாவின் தம்பி மாமாவோடு நான் போனேன். சுங்கத்தில் எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார்களாம். நீங்கள் மடித்து வைத்திருந்த கைலிகளை உதறினார்கள். சோப்பைக்கூட ஊசியால் குத்தினார்கள். அடியில் கேசட்டுகள் இருந்தன.

"இவ்வளவு பாட்டு கேசட்டா? கடை போடப் போறியளோ?" என்றார் அதிகாரி.

"பாட்டு இல்ல சார். எங்க வாப்பா பேசுனது."

பழைய பாட்டு கேசட்டுகளில்தானே பாட்டை அழித்துப் பேசி அனுப்புவீர்கள். ஊருக்கு வருகிறவர் யாராவது கொண்டுவந்து தருவார். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். இவை ஆள் கிடைக்காமல் தங்கிப்போனவை.

அதிகாரி நம்பவில்லை. பெட்டியில் இருந்த உங்கள் டேப்ரிக்கார்டரிலேயே ஒன்றைப் போட்டார். நீங்கள் இருமினீர்கள். பிறகு, "யாரு என்ன சொன்னாலும் புள்ளய பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிராத. அவ படிக்கட்டும்" என்று உம்மாவிடம் சொன்னீர்கள். மாமா தரையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் கேட்டுப் பாத்துதான் விடணும், பாய். ஒரு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கிடுங்க" என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கியிருந்தது.

பஸ்ஸில் மாமா, "அங்கன கேட்டத வீட்ல சொல்லாத, என்னா? உங்க உம்மா அழுதே செத்துருவா" என்றார். வீட்டில் உம்மாவிடம், "கேசட்ட அவனுவ எடுத்துக்கிட்டானுவ. இனி கெடைக்காது" என்றார்.

"ஒண்ணுகூடவா தரல?" உம்மா என்னைத்தான் பார்த்தார். மாமாவின் கை என் தோளில் இருந்தது.

வாரம் தாண்டிவிட்டது. மாமா போகவில்லை. என் பள்ளிக்கூடத்தை நிறுத்தியாயிற்று. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு அரிசி வாங்கிப் போடுவது மாமாதான். உங்கள் குரலில் கேட்டால் உம்மா தட்டமாட்டார். நான் சொன்னால், படிக்கிற ஆசையில் கட்டிச் சொல்லுது என்பார் மாமா.

பயமாக இருக்கிறது, வாப்பா. நீங்கள் பேசியதை மறக்காமலிருக்க, சொல்லுக்குச் சொல் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், அந்த இருமலையும் சேர்த்து. அதிகாரி அணைப்பதற்கு முன் கடைசியாகச் சொன்னீர்களே, அதுவரைக்கும்: "ஒன் தம்பி அவசரப்படுவான். நான் வந்து அவன்ட்ட பேசிக்கிடுதேன்."