லீட்ஸ் நோனாவுக்குச் சுட்ட புடிங்

கற்பிட்டி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் அஸ்னாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், உன் சுகத்தைக் கேட்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து உன் குரலைக் கேட்காத எனக்கு என்ன சுகம் மகள். தங்கச்சி றிப்னா நன்றாகப் படிக்கிறாள், அவளுக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. உன் போனுக்கு எடுத்தால் மாப்பிள்ளை ஃபாஹிம்தான் எடுக்கிறார், ஒரு நாள் "அவ குளிக்கிறா மாமி" என்கிறார், இன்னொரு நாள் "அவ தூங்குறா" என்கிறார். இரண்டு மாதமாக ஒரு பிள்ளை குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டுமா இருக்கும்? நான் சமைக்கிற கெஸ்ட் ஹவுஸ் முதலாளி கில்பட்டைக் கொண்டு, நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கும் எடுத்துப் பார்த்தேன். வேலை செய்பவர்களைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

இப்படி நான் கதி கலங்கி இருக்கும்போதுதான், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிற மகனோடு ஹெலன் என்று ஒரு வயதான வெள்ளைக்கார நோனா வந்து இறங்கினா. ஊர் இங்கிலாந்தில் நீ இருக்கிற அதே லீட்ஸ் என்றதும் என் கையிலிருந்த தேங்காய்ப் பாதி விழுந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கேட்பது? ஞாயிறு மத்தியானம் மாட்டிறைச்சி ரோஸ்டும் அதோடு தின்கிற அவங்கட ஊர்ப் புடிங்கும் இல்லாவிட்டால் தனக்கு ஞாயிறு மாதிரியே இல்லை என்று அவ கில்பட்டிடம் சொல்லியிருந்தா, அதை ஆக்கிக் கொடுத்து மனம் குளிர்ந்த நேரம் பார்த்துக் கேட்போம் என்று நினைத்தேன். றிப்னா போனில் தேடி வாசித்தாள், கோதுமை மா, முட்டை, பால், உப்பு, சீனியே இல்லை. சீனி இல்லாமல் என்ன புடிங் என்று இருவரும் சிரித்தோம், நான் கடைசியாகச் சிரித்தது அதுதான். வெள்ளிக்கிழமை மாஜரின் பூசிச் சுட்டேன், ரொட்டி மாதிரித் தட்டையாக வந்தது. சனிக்கிழமை தேங்காயெண்ணெய் ஊற்றினேன், கொஞ்சம் எழும்பியது, ஓவன் கதவைத் திறந்து பார்த்தேன், என் கண் முன்னாலேயே அமிழ்ந்துபோனது. இன்று பதினொரு மணிக்குச் சுட்டதும் அப்படியேதான். இறைச்சி வெந்துவிட்டது, நோனா மேசையில் இருக்கிறா, வியாழக்கிழமை அவவுக்குப் பிளைட். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, குசினி நிலத்தில் இருந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு அவ உள்ளே வந்து, இது வெறும் மாதானே, அழாதே என்று கில்பட்டைக் கொண்டு சொன்னா. "மாவுக்கு அழயில்ல, என்ட மகளுக்கு அழுறன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவ கையைக் கழுவிவிட்டுப் புதிதாக மா கரைத்தா. இறைச்சியில் வடிந்த கொழுப்பைத் தட்டின் பன்னிரண்டு குழிகளிலும் விட்டு, புகை வரும்வரை ஓவனில் காய வைத்தா, பிறகு மாவை ஊற்றச் சொன்னா, சொய் என்று சீறியது. நான் கொழுப்பைக் காய வைக்காமலே ஊற்றியிருக்கிறேன். இருபது நிமிடம் கதவைத் தொடக்கூடாது என்றா. அந்த இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பெருநாளன்று நீ அங்கே கூடவேலை செய்கிற யாருடையதோ போனில் எடுத்து, மாப்பிள்ளை உன் கையைத் திருகினதையும் பாஸ்போர்ட்டை அலுமாரியில் பூட்டினதையும் சொல்லி, "உம்மா நான் வந்திரட்டா" என்று கேட்டதையும், "பொறு மகள், சனம் என்ன கதைக்கும்" என்று நான் சொன்னதையும் சொன்னேன். கில்பட் தலையைக் குனிந்தபடி இங்கிலீஷில் சொன்னார். நோனா ஒன்றுதான் கேட்டா, திரும்பி வரலாம் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா என்று. ஓவனைத் திறந்தபோது பன்னிரண்டும் பொன்னிறமாகத் தட்டுக்கு மேலே பொங்கி நின்றன. அவ ஒன்றையும் தொடாமல், முதலில் பேனை கேட்டு உன் வேலை இடத்தின் பெயரை எழுதிக்கொண்டா.

ஆகவே தெரிந்துகொள் மகள், நீ வரலாம். சனத்தைப் பயந்து உன்னை அங்கே விட்ட குற்றம் என்னுடையது, மன்னித்துக்கொள். அடுத்த திங்கட்கிழமை நோனா, அந்த இல்லத்தில் இருக்கிற தன் ஆளைப் பார்க்க வந்தவபோல உன் வேலை இடத்துக்கு வந்து இதை உன் கையில் தருவா. அவவின் வீட்டில் மேல் அறை சும்மா கிடக்கிறதாம், அன்றே அவவோடு போ, உன்னைக் கூட்டிப்போக மாப்பிள்ளை காத்துநிற்கிற வாசலால் போகாதே. உடுப்புக்கோ நகைக்கோ அந்த வீட்டுக்குத் திரும்பாதே. பாஸ்போர்ட்டுக்கு வழி இருக்கிறது, எம்பசியில் கேட்கலாம் என்கிறார் கில்பட். ஊருக்கு வந்தால் யார் என்ன கேட்டாலும் வாசலில் நின்று பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிறேன், அல்லாஹ் உன்னை அவன் காவலில் வைக்கட்டும். மறக்காதே, வாசித்ததும் இந்தக் கடிதத்தை நோனாவிடமே கொடுத்துவிடு, உன் பையில் வைக்காதே. அவவின் போனில் எனக்கு ஒரே ஒரு சொல் பேசு, என்ன சொல் என்றாலும் பரவாயில்லை.

உன்னைப் பெற்ற உம்மா,
பரீதா.